ஒளியை வெட்டும் தகடு

திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 12 கிலோமீட்டர்தான். ஆனால் இரவு நேரத்தில் இந்தச் சிறு தூரத்தைக் கடப்பவர்கள் எத்தனை வகையினர்! கேரளத்துக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லாரிகள், மதுரைக்கும் தென்காசிக்கும் ஓடும் பஸ்கள், நூற்பாலையில் ஷிப்டு முடிந்து மொபெட்டிலும் சைக்கிளிலும் வீடு திரும்பும் தொழிலாளர்கள், சாரல் காலத்தில் குற்றாலம் செல்லும் கார்கள், கார்த்திகை மார்கழியில் சபரிமலைக்குச் செல்லும் வேன்கள், ஆடிப்பூரத் தேரோட்டம் காண நடந்தே வரும் பக்தர்கள் என்று எல்லோருக்கும் அதே சாலைதான்.

இவர்களுள் நடந்து செல்பவரிடம் விளக்கு எதுவும் இல்லை. கார் ஓட்டுபவர் தம்முடைய விளக்கொளியில்தான் அவரைக் கண்டுகொள்ள வேண்டும். அதே சமயம் எதிரே மொபெட்டில் வருபவரின் கண் கூசிவிடக் கூடாது. கூசினால், அவருக்கு முன்னால் நடந்து செல்பவர் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போவார். ஆகவே கார் விளக்குக்கு இரண்டு கடமைகள் உண்டு. சாலையைக் காட்டுவது ஒன்று. எதிரே வருபவரின் கண்ணை இருட்டில் விட்டுவைப்பது மற்றொன்று.

இந்த இரண்டாவது கடமையைச் செம்மையாகச் செய்யப் பிறந்ததே 'புரொஜெக்டர்' விளக்கு. விலையுயர்ந்த கார்களிலும் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் முதலில் வந்த இது, இப்போது கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடைகளில் எந்தக் காருக்கும் தனியே வாங்கிப் பொருத்தக் கிடைக்கிறது. இது எவ்வாறு வேலை செய்கிறது? இதை மாட்டிவிட்டால் மட்டும் போதுமா? காண்போம்.

கண் கூசுவது ஏன்?

இருட்டில் நம் கண்ணின் பாவை விரிந்திருக்கும். விழித்திரையில் உள்ள குச்சி வடிவச் செல்கள், ரொடாப்சின் என்னும் நிறமியின் துணையால் மிகக் குறைந்த ஒளியையும் உணர்கின்றன. இருட்டுக்குக் கண் முழுமையாகப் பழகுவதற்கு ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். திடீரென்று கடும் ஒளி பட்டால் பாவை சட்டென்று சுருங்குகிறது, நிறமியும் வெளுக்கிறது. அதோடு, கண்ணுக்குள்ளேயே ஒளி சிதறி, காட்சியின் மீது வெள்ளைத் திரை போட்டது போலாகிறது. வயதானவர்களுக்கு இந்தச் சிதறல் அதிகம்.

எதிரே வந்த வண்டி கடந்து போன பிறகும் கண் தெளியச் சில விநாடிகள் ஆகும். மூன்று விநாடி என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 16.7 மீட்டர் ஓடும். மூன்று விநாடியில் 50 மீட்டர்! அந்த 50 மீட்டரையும் ஓட்டுநர் ஏறக்குறையக் கண்ணை மூடிக்கொண்டு கடக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

பழைய முறை: பரவளையக் கிண்ணம்

குழி ஆடியின் முதன்மைக் குவியத்தில் விளக்கை வைத்தால், எதிரொளிக்கும் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாகச் செல்லும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆடி பரவளைய வடிவில் இருந்தால் இது மிகத் துல்லியமாக நடக்கும். நீண்ட காலமாகக் கார் விளக்குகள் இந்தத் தத்துவத்தில்தான் அமைந்தன.

1971-இல் அறிமுகமான 'எச்-4' ஹாலஜன் பல்பை எடுத்துக்கொள்வோம். இன்றும் ஏராளமான வண்டிகளில் இதுவே எரிகிறது. அதற்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் உள்ளன. 60 வாட் இழை குவியத்தில் அமைந்திருக்கும். அதுதான் நெடுந்தூரம் பாயும் ஒளி. ஓட்டுநர்கள் 'பிரைட்' என்பார்கள். 55 வாட் இழை குவியத்துக்குச் சற்று முன்னால் இருக்கும். அதுதான் 'டிம்'. டிம் இழையின் அடியில் ஒரு சிறிய உலோகக் கிண்ணம் உண்டு. அது கீழ்நோக்கிச் செல்லும் ஒளியை மறைத்துவிடுகிறது. எனவே டிம் இழையின் ஒளி ஆடியின் மேற்பாதியில் மட்டுமே பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிச் சாய்வாகக் கீழிறங்குகிறது.

இது நல்ல ஏற்பாடே. ஆனால் இழை ஒரு புள்ளி அன்று. சில மில்லிமீட்டர் நீளமுள்ள கம்பிச் சுருள். ஆடியின் ஒவ்வொரு பகுதியும் அந்தச் சுருளின் பிம்பத்தை ஒவ்வோர் இடத்தில் வீழ்த்துகிறது. அத்தனை பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலப்பதால், ஒளிக்கும் இருளுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடு தெளிவாக அமைவது கடினம். கொஞ்சம் ஒளி கோட்டுக்கு மேலேயும் கசியும்.

கறுப்பு வண்ணம் பூசினால் என்ன?

நம் நாட்டில் விளக்கின் கண்ணாடியில் மேற்பாதிக்குக் கறுப்பு வண்ணம் பூசுவதும், நடுவில் கறுப்பு வட்டம் ஒட்டுவதும் நெடுநாளைய வழக்கம். மேலே போகும் ஒளியை இது தடுத்துவிடும் என்பது எண்ணம்.

ஒரு கேள்வி கேட்போம். குவிலென்சு ஒன்றின் பாதியைக் கறுப்புத் தாளால் மூடினால் பிம்பம் பாதியாகிவிடுமா? ஆகாது. பிம்பம் முழுமையாகவே விழும்; பிரகாசம் மட்டும் குறையும். லென்சின் ஒவ்வொரு பகுதியும் முழுப் பிம்பத்தையும் உண்டாக்குவதே காரணம். விளக்கின் கண்ணாடியை மூடுவதும் பெரும்பாலும் இது போன்றதே. ஒளி குறையுமே தவிர, வேண்டிய இடத்தில் எல்லைக்கோடு உண்டாகாது. மேலும், எச்-4 விளக்கில் டிம் ஒளி புறப்படுவதே ஆடியின் மேற்பாதியிலிருந்துதான் என்று மேலே கண்டோம். மேற்பாதியை மூடினால், நடந்து செல்பவரைக் காட்ட வேண்டிய ஒளியைத்தான் நாம் முதலில் இழக்கிறோம்!

அப்படியானால் மறைப்பை எங்கே வைக்க வேண்டும்?

நீள்வட்டம் காட்டிய வழி

ராஜபாளையத்து ஆலையில் நூற்ற நூல் ஒரு முழம் எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் இரண்டு குண்டூசிகளைச் சற்றுத் தள்ளித் தள்ளிக் குத்தி, நூலின் இரு முனைகளையும் அவற்றில் தொய்வாகக் கட்டுங்கள். பென்சில் முனையால் நூலை இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்தால் நீள்வட்டம் கிடைக்கும். குண்டூசிகள் இருக்கும் இடங்களே அதன் இரு குவியங்கள்.

நீள்வட்டத்துக்கு ஓர் அரிய பண்பு உண்டு. ஒரு குவியத்திலிருந்து புறப்படும் கதிர் சுவரில் எங்கே பட்டாலும், எதிரொளித்து மற்றக் குவியத்தின் வழியே செல்லும். புரொஜெக்டர் விளக்கின் உள்ளே இருக்கும் ஆடி இந்த நீள்வட்டத்தைத் தழுவியது. விளக்கு முதல் குவியத்தில் இருக்கிறது. ஒளி முழுவதும் இரண்டாவது குவியத்தின் அருகே வந்து கூடுகிறது. சரியாக அந்த இடத்தில் ஓர் உலோகத் தகடு நிற்கிறது. தகட்டுக்கு முன்னால், சில சென்டிமீட்டர் தூரத்தில் ஒரு பருமனான குவிலென்சு. தகடு இருக்கும் இடமே லென்சின் குவியத் தளமும் ஆகும்.

சினிமாக் கொட்டகையில் பிலிமின் பிம்பத்தை லென்சு திரையில் வீழ்த்துகிறது அல்லவா? இங்கே பிலிமின் இடத்தில் தகடு இருக்கிறது. திரையின் இடத்தில் சாலை இருக்கிறது. தகட்டின் மேல் விளிம்பு சாலையில் கூர்மையான கோடாக விழுகிறது. லென்சு பிம்பத்தைத் தலைகீழாக்கும் என்பதால், தகடு கீழ்ப்பாதியை மறைக்கும்போது வெளியே மேற்பாதி இருளாகிறது. கோட்டுக்குக் கீழே நல்ல ஒளி, மேலே இருள். மறைப்பை லென்சின் மேல் வைத்தால் ஒளி மங்கும். குவியத் தளத்தில் வைத்தால் ஒளி வெட்டப்படும். இதுவே புரொஜெக்டரின் முழு இரகசியம்.

பல புரொஜெக்டர்களில் இந்தத் தகட்டை ஒரு சிறு மின்காந்தம் அசைக்கும். தகடு சாய்ந்தால் மேலேயும் ஒளி பாய்ந்து 'பிரைட்' ஆகும். நிமிர்ந்தால் மீண்டும் 'டிம்'. எதிரே வரும் கார் குலுங்கும்போது அதன் விளக்கின் விளிம்பில் ஊதா நிறம் மின்னுவதைக் கவனித்திருப்பீர்கள். லென்சின் ஓரத்தில் ஒளி நிறப்பிரிகை அடைவதே அதற்குக் காரணம்.

ஸ்போர்ட்ஸ் காரின் தாழ்ந்த மூக்கு

பரவளைய விளக்குக்குப் பெரிய முகம் தேவை. ஸ்போர்ட்ஸ் காரின் மூக்கோ காற்றைக் கிழித்துச் செல்லத் தாழ்ந்தும் சரிந்தும் இருக்கும். ஆனால் டிம் விளக்கு தரையிலிருந்து குறைந்தது 50 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்கின்றன ஐ.நா. வாகன விதிகள். இதனால்தான் பல ஸ்போர்ட்ஸ் கார்களில், பகலில் படுத்துக் கிடந்து இரவில் எழுந்து நிற்கும் விளக்குகளை வைத்தார்கள். 1989-இல் வெளிவந்த ஜப்பானின் மாஸ்டா எம்.எக்ஸ்-5 அத்தகையது. அமெரிக்காவின் கார்வெட் காரும் 1963 முதல் 2004 வரை விளக்குகளை மறைத்தே வைத்திருந்தது. 2005-ஆம் ஆண்டு மாதிரியில்தான் செனான் விளக்குகளோடு கண்ணைத் திறந்தபடி வந்தது.

உள்ளங்கைக்குள் அடங்கும் லென்சு வழியாகவே முழு ஒளியையும் செலுத்த முடியும் என்பதால் புரொஜெக்டர் இத்தகைய கார்களுக்குப் பெரிதும் பொருந்தியது. 1986-இல் வந்த ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 7 வரிசைக் கார், புரொஜெக்டரைக் கொண்டு வந்த முன்னோடிகளுள் ஒன்று. இந்தியாவில் 2015-இல் வந்த பல்சர் ஆர்.எஸ். 200 மோட்டார் சைக்கிளிலேயே இரண்டு புரொஜெக்டர்கள் இருந்தன.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் தனியே புரொஜெக்டர் வாங்கிப் பொருத்துவதும் இதனால்தான். விளக்குக் கூட்டைக் கழற்றிச் சூடாக்கினால், கண்ணாடியை ஒட்டியிருக்கும் பசை இளகும். கண்ணாடியை எடுத்துவிட்டு, பழைய ஆடி இருந்த இடத்தில் புரொஜெக்டரை நிறுத்தி, மட்டம் பார்த்து, மீண்டும் காற்றுப் புகாமல் ஒட்ட வேண்டும். ஒட்டுவதில் சிறு இடைவெளி இருந்தாலும் ஈரம் புகுந்து கண்ணாடியின் உட்புறம் வேர்த்துவிடும். அந்த நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடித்து, தகடு உண்டாக்கிய கூர்மையான கோட்டைக் கெடுத்துவிடும்.

பல்பை மட்டும் மாற்றினால்?

இவ்வளவு தொல்லை எதற்கு, பழைய கிண்ணத்திலேயே வலிமையான பல்பை மாட்டினால் என்ன என்று கேட்கலாம். மூன்று வகைப் பல்புகளைப் பார்ப்போம்.

முதலாவது, 100/90 வாட் ஹாலஜன். 12 வோல்ட் மின்கலத்தில் 55 வாட் டிம் இழை எடுத்துக்கொள்வது 4.6 ஆம்பியர், 90 வாட் இழை எடுப்பது 7.5 ஆம்பியர். கம்பியில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்னும் ஜூல் விதிப்படி, வெப்பம் ஏறக்குறைய 2.7 மடங்காகிறது. பழைய கம்பியும் பல்பு மாட்டும் பிளாஸ்டிக் ஹோல்டரும் இதைத் தாங்குமா?

இரண்டாவது, செனான். இதில் இழையே இல்லை. செனான் வாயுவும் உலோக உப்புகளும் அடைத்த குவார்ட்ஸ் குமிழில், இரு மின்முனைகளுக்கு இடையே மின்வில் எரிகிறது. பற்றவைக்க 20,000 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தத் துடிப்பு வேண்டும். எச்-4 பல்பின் டிம் இழை 55 வாட்டில் தருவது சுமார் 1,000 லூமென் ஒளி. புரொஜெக்டருக்கான செனான் பல்பு வெறும் 35 வாட்டில் தருவது சுமார் 3,200 லூமென்! ஆனால் அந்த மின்வில் எச்-4 இழையின் வடிவில் இருப்பதில்லை. பழைய கிண்ணத்தில் அதை மாட்டினால், மூன்று மடங்கு ஒளி கட்டுப்பாடின்றி எல்லாத் திசையிலும் பாயும்.

மூன்றாவது, எல்.இ.டி. பல்பு. அதன் ஒளிச் சில்லுகள் பக்கவாட்டில் அமைந்தவை. இழையைப் போல் சுற்றிலும் ஒளி விடுவதில்லை. எந்த இழைக்காக அந்தக் கிண்ணம் கணக்கிட்டுச் செய்யப்பட்டதோ, அந்த இழை அங்கே இல்லை. எல்.இ.டி.க்கென்றே ஆடியும் லென்சும் அமைத்துச் செய்த விளக்கு வேறு. 2007-இல் வந்த லெக்சஸ் எல்.எஸ். 600எச் காரில் டிம் ஒளி அப்படித்தான் அமைந்தது. ஆக, பல்பும் ஆடியும் லென்சும் ஒரே குடும்பம். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை ஒத்துழைக்கமாட்டா.

ஆண்டாள் கோபுரமும் விளக்கின் எட்டும் தூரமும்

வலிமையான விளக்கு பொருத்தினால் டிம் ஒளியில் நெடுந்தூரம் தெரியும் என்று எண்ணுவது தவறு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிம் ஒளியின் எல்லைக்கோடு பொதுவாக நூற்றுக்கு ஒன்று என்னும் சரிவில் கீழிறங்குமாறு அமைக்கப்படும். அதாவது 10 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் இறக்கம். விளக்கு 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், கோடு தரையைத் தொடுவது 60 மீட்டர் தூரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோவிலின் 192 அடிக் கோபுரத்தைச் சாலையில் படுக்க வைத்தால் எவ்வளவு நீளமோ, ஏறக்குறைய அவ்வளவே! 1,000 லூமென் ஆனாலும் 3,200 லூமென் ஆனாலும் அந்த எல்லை மாறாது. எல்லைக்குள் இருப்பது மட்டும் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இப்போது வண்டி நிற்கும் தூரத்தைப் பாருங்கள். ஆளைக் கண்டு பிரேக்கை மிதிக்க 1.5 விநாடி, பிரேக் பிடித்தபின் வேகக் குறைவு விநாடிக்கு விநாடி 5 மீட்டர் என்று கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் நிற்பதற்கு 25 + 28 = 53 மீட்டர் போதும். 80 கிலோமீட்டர் வேகத்தில் 33 + 49 = 82 மீட்டர் வேண்டும். விளக்கு காட்டுவதோ 60 மீட்டர். விளக்கை மாற்றிவிட்டோம் என்ற துணிவில் டிம் ஒளியில் 80-இல் பறப்பவர், ஆளைக் கண்ட பிறகும் நிறுத்த முடியாது.

பின் இருக்கையில் மூவரையும் டிக்கியில் மூட்டைகளையும் ஏற்றினால் என்ன ஆகும்? முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 250 சென்டிமீட்டர் தூரம் என்க. பின்புறம் மட்டும் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், கார் ஐம்பதில் ஒரு பங்கு அண்ணாந்து பார்க்கும். 50 மீட்டர் தூரத்தில் அது 1 மீட்டர் உயர்வு. தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருக்க வேண்டிய கோடு 110 சென்டிமீட்டருக்கு ஏறி, எதிரே வரும் கார் ஓட்டுநரின் கண்ணைத் தொட்டுவிடும். பல கார்களில் ஓட்டுநர் அருகே விளக்கைத் தாழ்த்தும் சிறு திருகு இருப்பது இதற்காகத்தான். 2,000 லூமெனுக்கு மேற்பட்ட டிம் விளக்குகளுக்கு இந்தச் சரிக்கட்டல் தானாகவே நடக்க வேண்டும் என்பது ஐ.நா. விதி. கடையில் வாங்கிப் பொருத்தும் புரொஜெக்டருடன் இந்த ஏற்பாடு வருகிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

இடமா, வலமா?

எல்லைக்கோடு முழுவதும் நேர்கோடு அன்று. நாம் இடப்புறமாகச் செல்பவர்கள். எதிரே வருபவர் வலப்புறம் இருக்கிறார். எனவே வலப்புறம் கோடு தாழ்ந்திருக்கும்; இடப்புறம் ஏறக்குறைய 15 பாகைச் சாய்வில் மேலேறும். சாலையின் இடது ஓரத்தில் நடப்பவர் தொலைவிலேயே தெரிவதற்காக இந்த ஏற்பாடு. அமெரிக்கா, ஜெர்மனி, சீனா போன்ற நாடுகளில் வண்டிகள் வலப்புறமாகச் செல்வதால் அங்கே கோடு வலப்புறம் ஏறும். அந்நாடுகளுக்கென்று செய்த புரொஜெக்டரை நம் சாலையில் பொருத்தினால், ஏறும் கோடு நேராக எதிரே வருபவரின் முகத்தில் போய் முடியும். இடது ஓரத்தில் நடப்பவரோ இருளில் இருப்பார். விளக்கு புதியது, விலை அதிகம். ஆனால் இரண்டு கடமைகளும் தலைகீழ்!

சட்டம் சொல்வது

1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி இதைக் கணக்காகவே சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்துக்கு அரை மீட்டர் வலப்புறம், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள ஒருவருக்கு, தாழ்த்திய ஒளி கூசக் கூடாது. மேலும், உற்பத்தியாளர் அளித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. ஆகவே, அதே காரின் உயர்ந்த மாதிரிக்கென்று உற்பத்தியாளரே செய்த விளக்கானாலும், வெளியிலிருந்து வாங்கியதானாலும், பொருத்துமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வதே முறை.

செய்து பாருங்கள்

தேவையானவை: டார்ச் விளக்கு, பட்டர் பேப்பர் ஒரு துண்டு, ஓர் அஞ்சலட்டை, ஒரு பூதக்கண்ணாடி.

டார்ச்சின் முகத்தைப் பட்டர் பேப்பரால் மூடுங்கள். அதன் கீழ்ப்பாதியை மறைக்கும்படி அஞ்சலட்டையை ஒட்டுங்கள். இருட்டறையில் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி நின்று, அட்டைக்கு முன்னால் பூதக்கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் சுவரில் கூர்மையான கோடு தோன்றும். இருள் மேலே, ஒளி கீழே! இனி பூதக்கண்ணாடியின் பாதியைக் கையால் மூடுங்கள். கோடு அசையாது, ஒளி மட்டும் மங்கும். கறுப்பு வண்ணத்துக்கும் தகட்டுக்கும் உள்ள வேறுபாடு இப்போது கண்கூடு.

வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ கார் இருந்தால் பெரியவர்களின் உதவியோடு இன்னொன்றும் செய்யலாம். சமதளத்தில், சுவருக்கு நேராக 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தச் சொல்லுங்கள். விளக்கின் நடு உயரத்தை அளந்து சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். டிம் ஒளியின் கோடு அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். பின் இருக்கையில் நண்பர்கள் மூவரை ஏற்றி மறுபடி பாருங்கள். கோடு எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து, எதிரே 50 மீட்டரில் அது எத்தனை சென்டிமீட்டர் ஆகும் எனக் கணக்கிடுங்கள்.

இன்றைய புதுமை இந்தத் தகட்டையும் தேவையற்றதாக்கி வருகிறது. 2013-இல் வந்த ஆடி ஏ-8 காரின் ஒவ்வொரு விளக்கிலும் 25 எல்.இ.டி.கள் உயர் ஒளிக்கென்று இருந்தன. எதிரே வரும் வண்டியைக் கேமரா கண்டதும், அந்தத் திசையில் ஒளி வீசும் எல்.இ.டி.கள் மட்டும் அணையும்; மற்றவை எரியும். கருவி மாறினாலும் நோக்கம் மாறவில்லை. அத்தகைய விளக்குகள் எல்லா வண்டிகளுக்கும் வந்து சேரும் வரையில், அந்தக் கேமராவின் வேலையை ஓட்டுநரின் கையே செய்ய வேண்டும். எதிரே விளக்கொளி தெரிந்ததும் 'டிம்' அடிப்பதற்கு ஒரு விரல் அசைவு போதும்.